தகப்பனைப் போலப் பிந்திக் கதைப்பானா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயதும் 3 மாதமும் ஆகின்றன. முன்பு சொன்ன ‘அம்மா’, ‘பால்’ என்ற சொற்களையும் இப்போது சொல்வதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். தொலைக்காட்சி விளம்பரம் கேட்டால் ஓடிவருகிறான். தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர் என்கிறார் மாமி, நாவூறும் பார்த்தாயிற்று. இது தடுப்பூசியால் வந்ததா, நான் கைபேசி கொடுத்ததாலா?
– ஒரு தாய், படுவான்கரை

பதில்: பிந்திக் கதைக்கும் பிள்ளைகள் உண்டு, மாமி சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அத்தகைய பிள்ளை, சொல் வராவிட்டாலும், மதிலில் காகம் இருந்தால் அதை விரலால் சுட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். வேண்டிய பொருளுக்காக உங்கள் கையைப் பிடித்து இழுப்பது வேறு, கண்டதை உங்களோடு பகிர்வதற்காகக் காட்டுவது வேறு. பிறரோடு பழகுவதையும் தொடர்பாடலையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடான ஓட்டிசத்தில் பெரும்பாலும் தடைப்படுவது இந்த இரண்டாவதுதான். உங்கள் கடிதத்தில் நான் இருமுறை வாசித்தது, வந்த சொற்கள் மறைந்த செய்தியை. அப்படியான பிள்ளையைப் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. விளம்பரத்துக்கு ஓடிவருகிறான் என்பதற்காகச் செவிப் பரிசோதனையையும் தவிர்க்காதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேளாத பிள்ளைகளும் உண்டு.

ஓட்டிசத்தை இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ காட்டாது. பிள்ளையின் நடத்தையைப் பார்த்தும் தாயின் சொல்லைக் கேட்டுமே வைத்தியர் முடிவுக்கு வருகிறார். 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்குரிய, 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற படிவமும் பெற்றோரின் பதில்களையே நம்பியிருக்கிறது. அது சந்தேகத்தைக் காட்டுமே தவிர முடிவைச் சொல்லாது. கிளினிக் வரிசையில் அழுது களைத்த பிள்ளை வைத்தியருக்கு முன்னால் தூங்கிவிடலாம் என்பதால், வீட்டில் அவன் விளையாடுவதையும் நீங்கள் அழைக்கும்போது நடந்துகொள்வதையும் கைபேசியில் பதிந்து கொண்டுபோங்கள். (அதற்காவது அது உதவட்டும்.)

தடுப்பூசி காரணமல்ல. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசியை ஓட்டிசத்தோடு இணைத்து 1998 இல் கட்டுரை வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகையே 2010 இல் அதை மீளப்பெற்றது. கைபேசி பேச்சுக்குரிய நேரத்தை விழுங்குகிறது, அதற்காகக் குறையுங்கள். ஓட்டிசத்துக்கு அது காரணமென்று நிறுவப்படவில்லை. தாயின் பாசக் குறைவே காரணம் என்று சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைத்தியர்களே சொன்னதுண்டு. மருத்துவம் அந்தப் பழியைக் கைவிட்டு நெடுங்காலமாகிறது, அயலவர்கள்தான் இன்னும் விடவில்லை.

இந்த வாரமே பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டுடன் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரியின் ஆலோசனையோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, முதல் நாளே கேளுங்கள். மாமியையும் அழைத்துப் போங்கள். அவருடைய மகன் அந்த வயதில் காகத்தைச் சுட்டிக்காட்டினாரா என்று வைத்தியர் அவரிடமே கேட்கட்டும்.