செம்புள்ளி தெரிந்தால் புகை வருமா?

கேள்வி: மலேசியாவில் கிள்ளானில் வசிக்கிறோம். ஆறு வயது மகனுக்கு ஆஸ்துமா. புகைமூட்டக் காலம் வந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுமத்ரா முழுக்கச் செம்புள்ளியாக இருக்கும் செயற்கைக்கோள் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். மாதம் 25 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் வீட்டுக்கு வீடு ‘நேரடி செயற்கைக்கோள் புகை அளவு’ காட்டும் என்று என் கணவர் ஒரு செயலி வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்து மகனைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. முதலில் அந்த 25 வெள்ளியை நிறுத்துங்கள்.

இந்தப் பக்கத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருவது ஜப்பானின் ஹிமவாரி செயற்கைக்கோள். அதன் மிகக் கூர்மையான படத்திலேயே ஒரு புள்ளி அரை கிலோமீட்டர் அகலம். உங்கள் தாமான் குடியிருப்பில் பாதி அதற்குள் அடங்கிவிடும். இதில் வீட்டுக்கு வீடு எங்கே வந்தது? அதோடு, புகை தெரிய வெயில் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ‘நேரடி’ என்று ஒருவர் புகையைக் காட்டினால் அது கணினி போட்ட கணிப்பு, இல்லையென்றால் மத்தியானத்துப் படம். ஹிமவாரி படங்கள் இணையத்தில் இலவசம். இலவசச் சரக்குக்கு நிறம் பூசி விற்கிறார்கள், அவ்வளவுதான்.

செம்புள்ளி என்பது புகை அல்ல, சூடு. விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி 375 மீட்டர் சதுரம் சதுரமாகத் தரையைப் பார்த்து, ஒரு சதுரம் சுற்றுப்புறத்தைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே ஒரு புள்ளி வைக்கும். வரைபடத்தைச் சுருக்கினாலும் புள்ளி சுருங்காது. அதனால்தான் தீவே எரிவது போல் தெரிகிறது. ஒரு வாரத்துப் புள்ளிகளை ஒரே படத்தில் கொட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. தேதி இல்லாத படத்தை அழித்துவிடுங்கள்.

புள்ளியே இல்லாவிட்டால் நிம்மதியா? அதுதான் இல்லை. சுமத்ராவில் ரியாவ், ஜாம்பி பக்கம் எரிவதில் பெரும்பகுதி கரிச்சதுப்பு நிலம், அதாவது முழுதாக மக்காத செடிகொடிகள் படிந்த ஈர மண். செம்பனைக்காகவும் காகித மரத்துக்காகவும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகு அந்த மண்ணே விறகு. மேலே தழல் இருக்காது. உமிக்குவியலில் விழுந்த நெருப்பு மாதிரி அடியிலேயே கனன்றுகொண்டு, வாரக்கணக்கில் புகையை மட்டும் கக்கும். மேற்பரப்பு அவ்வளவாகச் சுடாததால் கருவிக்குப் பல சமயம் பிடிபடாது. அதற்கு மேல் மேகமோ அடர்ந்த புகையோ மூடினால் இன்னும் மோசம். புகை உச்சத்தில் இருக்கும் நாளிலேயே புள்ளிக் கணக்கு குறையலாம். ‘தீ குறைந்துவிட்டது’ என்று அன்றைக்கே அறிக்கை வரும், படித்துச் சலித்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? செயற்கைக்கோள் படம் காட்டும் நாசாவின் வேர்ல்ட்வியூ இணையதளம் இலவசம். விர்ஸ் நமக்கு மேலே போவது நம் கடிகாரப்படி பிற்பகல் இரண்டரை, மூன்று மணி வாக்கில். படம் சில மணி நேரத்தில் ஏறிவிடும். தேதியைச் சரிபார்த்துவிட்டு மலாக்கா நீரிணையைப் பாருங்கள். பளீர் வெள்ளை மேகம். நீலம் கலந்த சாம்பல் வால் புகை. வால் ரியாவில் தொடங்கி வடகிழக்காகச் சாய்ந்தால் நம் பக்கம் வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் பெரும்பாலும் அந்தப் போக்குதான்.

ஆனால் வானத்துப் படத்துக்கு உயரம் தெரியாது. இரண்டு கிலோமீட்டர் மேலே போகும் புகையும் உங்கள் வாசலில் படிந்த புகையும் மேலிருந்து பார்த்தால் ஒரே பூச்சு. மூக்குக்கு என்ன வருகிறது என்பதைத் தரையில் உள்ள கருவிதான் சொல்லும். ஐபியு என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 100 தாண்டினாலே ஆரோக்கியமற்றது. அதிலும் ஒரு வில்லங்கம்: பிஎம் 2.5 என்ற நுண்துகளின் கணக்கு 24 மணி நேரச் சராசரி. விடியற்காலை புகை இறங்கினால் எண் மெதுவாகத்தான் ஏறும். இந்த நுண்துகளை ஐபியு கணக்கில் சேர்க்கவே 2018 வரை இழுத்தார்கள். சராசரியை மாற்ற எத்தனை வருடமோ!

ஆகவே காலையில் சன்னலைத் திறந்து, தெளிந்த நாளில் தெரியும் ஏதாவது ஒரு தூரத்துக் கட்டடம் தெரிகிறதா என்று பாருங்கள். அது மங்கி, கருகல் வாசமும் அடித்தால் எண் 80 என்று காட்டினாலும் பையனைத் திடலில் விட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். இன்ஹேலர் பையில் இருக்கட்டும். மருந்தின் அளவை மருத்துவர் சொல்லட்டும். அப்புறம், செயலியை நீக்கினால் மட்டும் மாதப் பிடித்தம் நிற்காது. சந்தாவைத் தனியாக ரத்து செய்யச் சொல்லுங்கள் உங்கள் கணவரை.