ஆப் வந்துச்சு, வேலை நடந்துச்சா?

வாசகர் கடிதம்:

வணக்கம் சார். நான் ஒரு நகராட்சி ஆபீஸ்ல புகார் பிரிவுல வேலை பாக்குறேன். கொஞ்ச வருஷமா ஆப், டேஷ்போர்டு, வாட்ஸ்அப் நம்பர்னு புதுசு புதுசா வந்துட்டே இருக்கு. ஆனா பழைய ரிஜிஸ்டரையும் நிறுத்தல, ஒரே புகாரை ரெண்டு தடவ ஏத்திட்டு இருக்கேன். புகார் எண்ணிக்கை கூடிப்போச்சுன்னு மேல இருந்து திட்டு வேற. புதுமை வந்தா உள்ளாட்சி நல்லா வேலை செய்யும்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா அப்படி நடந்த இடம் எங்கயாவது இருக்கா, இல்ல எல்லாம் விளம்பரம்தானா? (பேர் போட வேண்டாம் சார்.)

பதில்:

வணக்கம். நடந்த இடங்கள் இருக்குங்க, எல்லாமே விளம்பரம்னு ஒரேயடியா ஒதுக்கிட வேண்டாம். ஆனா நான் படிச்ச வரைக்கும் நல்லா நடந்த ஊருங்கள்ல ஒரு விஷயம் பொதுவா இருக்கு: வந்தது என்னவா இருந்தாலும் சரி, ஆபீஸுக்குள்ள அதுவரைக்கும் பதில் சொல்லாம இருந்த ஒருத்தர் இனிமே சொல்லியே ஆகணும்ங்கற நிலைமை வந்துச்சு. அது வராத இடத்துல என்னத்த வாங்கி வச்சாலும் மனு கிடப்புலதான் கிடக்கும்.

அமெரிக்காவுல இருக்கற பால்டிமோர் ஊரையே எடுத்துக்கங்க. 2000ல மேயர் மார்ட்டின் ஓ'மேலி சிட்டிஸ்டாட்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, குற்றக் கணக்க முன்னாடி வச்சு அதிகாரிங்கள கேள்வி கேக்கறதுக்காக நியூயார்க் போலீஸ் 1994ல கொண்டுவந்த காம்ப்ஸ்டாட் முறைய ஊர் நிர்வாகத்துக்குக் கொண்டுவந்ததுதான் அது. டெக்னாலஜின்னு பாத்தா பெருசா ஒண்ணும் கிடையாது, ஸ்ப்ரெட்ஷீட்டும் மேப்பும்தான். ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா துறைத் தலைவர் வந்து முன்னாடி நிக்கணும், எதிர்ல மேயரோட ஆளுங்க உக்காந்திருப்பாங்க, பின்னாடி திரையில அந்தத் துறையோட ஓவர்டைம், லீவு, முடியாம கிடக்குற புகார்னு எல்லாம் வரும். நிதி, சட்டம்னு முடிவெடுக்குற துறைக்காரங்களும் அதே ரூம்ல இருக்கறதால "ஃபைல் அவங்க டேபிள்ல இருக்கு, இன்னும் வரல"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. முடிச்சாச்சுன்னு சொன்ன இடத்தோட போட்டோவ போட்டுக் காட்டி, அப்ப இது என்னன்னு கேப்பாங்க. ரோட்டுல குழின்னு புகார் வந்தா 48 மணி நேரத்துல மூடிடுவோம்னு ஜனங்களுக்கு வாக்கு கொடுத்தாங்க, அந்த மீட்டிங் இல்லாம அந்த வாக்க காப்பாத்தியிருக்க முடியாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

தென்கொரியாவோட சியோல்ல 1999ல மேயர் கோ குன் இருந்தப்போ வந்த 'ஓப்பன்'ங்கற சிஸ்டமும் இதே மாதிரிதான். கட்டட அனுமதி மாதிரி மனு கொடுத்தா அது இப்ப யார்கிட்ட இருக்கு, என்னைக்கு வந்துச்சு, அடுத்து எங்க போகணும்னு அந்த ஊழியரே பதிஞ்சாகணும், மனு போட்டவர் வீட்ல இருந்தே அத பாத்துக்கலாம். எந்த டேபிள்ல நிக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சிட்டா, லஞ்சத்துக்காக இழுத்தடிக்கிறது ரொம்ப கஷ்டமாயிடும் பாருங்க.

இன்னொண்ணு, புதுமைன்னாலே கம்ப்யூட்டர்னு நினைச்சுக்கறது எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கு. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரே 1989ல எந்த மெஷினும் வாங்கல, பட்ஜெட்ல ஒரு பங்க எதுக்கு செலவு பண்றதுன்னு அந்தந்தப் பகுதி ஜனங்களே கூட்டம் போட்டு முடிவு பண்ணட்டும்னு விட்டாங்க. 1988ல 75 சதவீத வீட்டுக்கு இருந்த தண்ணி, கழிவுநீர் கனெக்‌ஷன் 1997ல 98 சதவீதம் ஆச்சு. இத பின்பற்றின பிரேசில் நகராட்சிகள்ல சுகாதாரத்துக்கும் சாக்கடைக்கும் செலவு பண்ற பங்கு கூடி, குழந்தை இறப்பும் குறைஞ்சுதுன்னு 2014ல வந்த ஆய்வு ஒண்ணு சொல்லுது. நிர்வாகத்தோட செயல்பாட்ட அளக்க இத விட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியல. ஆனா இவ்வளவு பேர் வாங்கின திட்டத்தையே அதே ஊர்ல 2017ல நிறுத்தி வச்சாங்க. மேல இருக்கறவங்க மாறி அவங்களுக்கு ஆர்வம் இல்லன்னா பழைய குருடி கதவைத் திறடிதான், அதனால எதையும் விதியா, சட்டமா எழுதி வைக்காம விடக்கூடாது.

உங்க ஆபீஸ்ல வரிசையா ஆப்பா வருதுன்னு எழுதியிருந்தீங்க, அதப் பத்தியும் ஒரு ஆய்வு இருக்கு. தமன்பூர், வாக்கர், அவெல்லானேடான்னு மூணு பேர் பிரிட்டன்ல 428 பொதுச்சேவை அமைப்புகள நாலு வருஷம் தொடர்ந்து பாத்து 2009ல வெளியிட்டாங்க. வருஷா வருஷம் ஒரே வகைப் புதுமைய மட்டும் புடிச்சிட்டுப் போனா செயல்பாடு கெட்டுத்தான் போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. சேவை, வேலை செய்யற முறை, நிர்வாகம்னு எல்லாப் பக்கமும் சேந்து மாறணும். புகார் வாங்குற வாசல மட்டும் நாலாக்கிட்டு, புகார சரி பண்ற ஆளும் வண்டியும் அதிகாரமும் அப்படியே இருந்தா உள்ள நெரிசல்தான் ஆகும், நீங்க இப்ப மாட்டிட்டு இருக்கறது அதுலதான்.

புகார் கூடினதுக்குத் திட்டுறது ரொம்பத் தப்பு. சொன்னா கேப்பாங்கங்கற நம்பிக்கை வந்தாதானே ஜனங்க சொல்லவே வருவாங்க. மேலதிகாரி கவலைப்பட வேண்டியது எந்தப் பகுதியில இருந்து புகாரே வரலங்கறதப் பத்திதான். பாஸ்டன்ல ஸ்ட்ரீட் பம்ப்னு ஒரு ஆப் விட்டாங்க, வண்டியில போறப்ப போனே குலுங்கறத உணர்ந்து குழி இருக்குன்னு சொல்லிடும். கேக்க அருமையா இருக்கு, ஆனா ஏழைங்களும் வயசானவங்களும் இருக்கற பகுதியில ஸ்மார்ட்ஃபோன் கம்மி, அந்த ஆப் கணக்க மட்டும் நம்பினா வசதியான தெருவுலதான் குழி அதிகம்னு ஆயிடும். நல்லவேளை அந்த நகராட்சிக்காரங்களுக்கே அது புரிஞ்சு, ஊர் முழுக்க சுத்துற தங்களோட ஊழியருங்க கையில மொதல்ல கொடுத்தாங்க.

இப்ப உங்க ரிஜிஸ்டர் விஷயம். ரெண்டு தடவ எழுதறது உங்க நேரத்த மட்டும் திங்கல, ரெண்டு கணக்கும் ஒத்துப்போகாதப்ப எது சரின்னு யாருக்கும் தெரியாம போயிடும். அடுத்த ரிவ்யூ மீட்டிங்ல ரிஜிஸ்டர் எந்தத் தேதியோட நிக்குதுன்னு எழுத்துல ஆர்டர் கேளுங்க. கம்ப்யூட்டர் சிஸ்டம் டவுன் ஆனா என்ன பண்றதுன்னு பயந்தாங்கன்னா, தினம் சாயங்காலம் ஒரு பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணிடலாம்னு சொல்லுங்க. அதோட 'முடிந்தது'ன்னு க்ளோஸ் பண்ணின புகார்ல எத்தனை ஒரு மாசத்துக்குள்ள அதே இடத்துல இருந்து திரும்ப வந்துச்சுன்னு டேஷ்போர்டுல ஒரு கட்டம் சேக்கச் சொல்லுங்க, அதுக்குத் தேவையான டேட்டா உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு.