நானோ மருந்து வரும்வரை காசநோய் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு நுரையீரல் காசநோய். எடை 52 கிலோ. அரசு மருத்துவமனையில் கொடுத்த நான்கு மாத்திரைகளை ஐந்து வாரமாகத் தினமும் சாப்பிடுகிறார். குமட்டல் தாங்க முடியவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை எடுத்தாலே போதும் என்கிற நானோ மருந்து எங்கே கிடைக்கும்? அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: குமட்டலுக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். இடையில் விட்டால் மீதமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். காசநோய்க்கான நானோ மருந்து இன்னும் விற்பனைக்கு வரவில்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது கட்டுக்கதை அல்ல. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தினர் காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு மூன்றையும், உடலில் மெல்லக் கரையும் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரால் ஆன, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களில் அடைத்து, நோயுற்ற கினிப் பன்றிகளுக்கு மூச்சுவழி கொடுத்தார்கள். பத்து நாளுக்கு ஒன்றாக ஐந்து தவணை கொடுத்ததும் நுரையீரலில் கிருமி தென்படவில்லை. வாய்வழி மருந்தில் அதே பலனுக்கு 46 நாள் தினமும் கொடுக்க வேண்டியிருந்தது. இது 2003இல் வெளியான ஆய்வு. காசநோய்க் கிருமி மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்லுக்குள் ஒளிந்து வாழ்கிறது; அந்தச் செல்லோ நானோ துகளைத் தானாகவே விழுங்கிக்கொள்ளும். மருந்து கிருமி இருக்கும் இடத்துக்கே போய், அங்கே கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும்.

பிறகு ஏன் மனிதருக்கு வரவில்லை? முக்கியத் தடை அளவுதான். உங்கள் கணவரின் நான்கு மாத்திரைகளில் ஐசோனியசிட் 300, ரிஃபாம்பிசின் 600, பைரசினமைடு 1,600, எத்தாம்பியூட்டால் 1,100 மில்லிகிராம் இருக்கின்றன. மொத்தம் 3.6 கிராம். துகளின் எடையில் பத்தில் ஒரு பங்கு மருந்து என்று வைத்துக்கொண்டால், இதே அளவு மருந்தைச் சுமக்க 36 கிராம் பொடி வேண்டும். துகளில் தந்தால் குறைந்த மருந்தே போதும் என்றாலும், அவ்வளவு பொடியில் ஒரு பகுதியைக்கூட நுரையீரலுக்குள் இழுப்பது எளிதல்ல. ஐசோனியசிட் நீரில் எளிதில் கரைவதால், தயாரிக்கும்போதே துகளை விட்டுக் கசிந்துவிடுகிறது. 200 நானோமீட்டர் துகளைத் தனியாக உள்ளிழுத்தால் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடும். 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் 1,000 நானோமீட்டர்) அளவுள்ள துளியிலோ பொடியிலோ ஏற்றினால்தான் நுரையீரலின் அடிவரை போகும். பி.எல்.ஜி.ஏ. ஏறக்குறைய 50 டிகிரியிலேயே இளகிவிடும் என்பதால் கொதி நீராவியில் கிருமி நீக்கவும் வழியில்லை.

இதே வழியில் வந்த மருந்து ஒன்று உண்டு: லைப்போசோம் என்ற கொழுப்பு நுண்குமிழில் அடைத்த அமிகாசின் என்ற கிருமிக்கொல்லி, 'அரிகேஸ்' என்ற பெயரில் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது காசநோய்க்கு அல்ல, அதன் உறவுக்காரக் கிருமியான எம்.ஏ.சி. தொற்றுக்கு. ஒரே மருந்துதான், 590 மில்லிகிராம், அதையும் தினமும் நெபுலைசரில் இழுக்க வேண்டும்.

இனி குமட்டல். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் ரிஃபாம்பிசின் நன்றாக உறிஞ்சப்படும் என்பது உண்மை. ஆனால் வாந்தியில் மருந்தே போய்விடுவதை விட, மருத்துவரிடம் கேட்டு இரண்டு இட்லிக்குப் பிறகோ இரவு படுக்கும் முன்போ எடுப்பது மேல். நான்கையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும். காலை இரண்டு, மாலை இரண்டு எனப் பிரித்தால் ரத்தத்தில் ரிஃபாம்பிசின் தேவையான உச்சத்தைத் தொடாது. அசிடிட்டி மருந்து ஐசோனியசிட்டை உறிஞ்சவிடாது. அவசியமானால் மாத்திரை எடுத்து ஒரு மணி நேரமாவது கழித்துக் கொடுங்கள். மது கூடவே கூடாது.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால், பயம் வேண்டாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டங்காப்பி போலக் கறுப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, நிற்காத வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் போய்க் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். ஐந்து வாரமாகக் குமட்டல் இருப்பதால், இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் இந்த வாரமே அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பார்வை மங்கினால் எத்தாம்பியூட்டாலைச் சந்தேகிக்க வேண்டும். கால் மரத்துப்போனால் வைட்டமின் பி6 கேளுங்கள். சந்தேகத்துக்கு, அரசின் காசநோய் உதவிச் சேவையான நி-க்ஷய் இலவச எண் 1800-11-6666.

இரண்டு மாதம் முடிந்ததும், மருத்துவர் பரிசோதித்துச் சரி என்றால், பைரசினமைடு நின்றுவிடும். பலருக்குக் குமட்டல் அப்போதே குறைகிறது. மீதி மூன்று மருந்துகளும் நான்கு மாதம் தொடரும்.