படகு பிளந்தால் ரெசின் விற்றவரும் பொறுப்பாளியா?

சட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: படகு கட்டுவதற்கான ரெசின் (இறுகிக் கெட்டியாகும் திரவப் பசை), பைபர் மேற் (கண்ணாடி இழை விரிப்பு) ஆகியவற்றைச் சில்லறையாக விற்கிறேன். கொழும்பு இறக்குமதியாளரிடம் ரெசினைப் பீப்பாயாக எடுத்து, கான்களில் பிரித்துக் கொடுப்பது வழக்கம். என்னிடம் வாங்கிய ஒருவர் கட்டிய படகு கடலில் அடிப்பாகம் உரிந்து பிளந்ததில் மீனவர் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. ரெசின்தான் பிழை என்கிறார் படகு கட்டியவர். அந்த மீனவருக்கு நான் எதையுமே விற்கவில்லை. அவர் என்மீது வழக்குத் தொடர முடியுமா?
- வாசகர், குருநகர்

பதில்: முடியும். உங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தம் இல்லை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. கவனயீனத்தை நிரூபிக்காமலே உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் தனிச்சட்டம் இலங்கையில் இல்லாதபடியால், அவர் இலங்கையின் பொதுச்சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின் தீங்கியல் (பிறருக்கு விளைத்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் பகுதி) வழியாக வந்து, நீங்கள் கவனயீனமாக இருந்தீர்கள் என்பதையும், காயமும் இழப்பும் அதனால்தான் நேர்ந்தன என்பதையும் காட்ட வேண்டும். அதற்கு அவருக்குள்ள காலம் 2 ஆண்டுகள். படகு கட்டியவரையும் உங்களையும் ஒரே வழக்கில் எதிராளிகளாக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

ஆகவே முழு வழக்கும் படகு ஏன் பிளந்தது என்பதிலேயே தங்கியிருக்கும். பொலியெஸ்டர் ரெசின் மாதக் கணக்கில் மட்டுமே நல்ல நிலையில் இருக்கும் பொருள். தகரக் கூரையின் கீழ் வெயிலில் கிடந்தால் அந்தக் காலம் இன்னும் குறைந்து, கானுக்குள்ளேயே தடிக்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டதை நீங்கள் விற்றிருந்தால் தவறு உங்களுடையது. மாறாக, ஈரமான மேற்றின்மீது பூசியதாலோ, ரெசினை இறுகச் செய்யும் கட்டலிஸ்டை அளவு தவறிக் கலந்ததாலோ, தின்னர் ஊற்றி இளக்கியதாலோ அடுக்குகள் ஒட்டாமல் போயிருந்தால் அது கட்டியவரின் தவறு. குறைபாடுள்ள பொருள்களுக்கான பொறுப்புப் பற்றிய ஐரோப்பாவின் 1985ஆம் ஆண்டுப் பணிப்புரை மூலப்பொருள் உற்பத்தியாளரையும் பொறுப்பாளி ஆக்குகின்றது. ஆனால் குறைபாடு இறுதிப் பொருளின் வடிவமைப்பாலோ அதன் உற்பத்தியாளர் கொடுத்த அறிவுறுத்தலாலோ வந்தது என்று காட்டினால், உதிரிப்பாகம் செய்தவரை அது விடுவிக்கின்றது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. எனினும் காரணத் தொடர்பை ஆராயும்போது நமது நீதிமன்றமும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்கும்.

நான் கவலைப்படுவது வேறு இரண்டு விடயங்களைப் பற்றி. கானில் பிரித்துக் கொடுக்கும்போது பீப்பாயில் இருந்த தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் எச்சரிக்கையும் உங்கள் கடையோடு நின்றுவிடுகின்றன. பிறகு அந்த ரெசின் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டுமே, நீங்களும் எழுதி வைக்காவிட்டால் ஒருவருமில்லை. இரண்டாவது, கடையில் நின்று வாய்ச்சொல்லாகக் கொடுக்கும் ஆலோசனை. "மழைக்காலம், கட்டலிஸ்டைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ" என்று சொன்னவர் வெறும் விற்பனையாளராக நிற்பதில்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் குறைபாடற்ற உதிரிப்பொருளை வழங்கியவரைப் பொதுவாக விட்டுவிடுகின்றன. இறுதிப் பொருளின் வடிவமைப்பில் அவர் கணிசமாகக் கைவைத்திருந்தால் விடுவதில்லை. கலவை அளவைத் தயாரிப்பாளரின் தாளில் உள்ளபடி அச்சாகக் கொடுங்கள். அதற்கு மேல் சொல்லாதீர்கள்.

படகு கட்டியவர் உங்கள்மீது வருவாரானால் அவருடைய பாதை இலகுவானது. 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, இன்ன தேவைக்கு என்று தெரிவித்து, உங்கள் அனுபவத்தை நம்பி வாங்கியவருக்குப் பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இங்கே கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. அதே பிரிவைக் கொண்டு கொழும்பு இறக்குமதியாளரை நீங்களும் கேட்கலாம், தொகுதி இலக்கம் கையில் இருந்தால்.

கேள்வி: "விற்ற பொருளுக்கு எவ்விதப் பொறுப்பும் ஏற்கமாட்டோம்" என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டால் போதாதா?
- வாசகர், கொக்குவில்

பதில்: போதாது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், வணிகத்தில் கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை இப்படிக் கழற்றிவிட இடமளிக்காது. மற்ற இழப்புகளுக்கு அந்த வாசகம் நியாயமானதாக இருந்தால் மட்டுமே செல்லும். மூன்றாம் ஆளை அது கட்டுப்படுத்தவே மாட்டாது.

கேள்வி: கறித்தூள் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு மிளகாய்த்தூள் அரைத்துக் கொடுக்கிறேன். இலண்டனில் எழும் எல்லா நட்டத்தையும் நானே ஈடுசெய்வேன் என்று கையொப்பம் கேட்கிறார்கள். இடலாமா?
- வாசகி, சுன்னாகம்

பதில்: உள்ளபடியே இடாதீர்கள். பிரித்தானியாவின் 1987ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே இறக்குமதி செய்பவர் உற்பத்தியாளரைப் போலவே பொறுப்பாகிறார். அவர் ஏற்றுமதியாளரைப் பிடிக்க, ஏற்றுமதியாளர் உங்களைப் பிடிக்கிறார். பயம் வீணானதல்ல. 2005 பெப்ரவரியில், சூடான் 1 என்ற, உணவில் அனுமதிக்கப்படாத சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சோஸுக்குள் போய், அந்தச் சோஸ் வேறு உணவுகளுக்குள் போனதால், பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. வழக்கில் வென்றாலும் செலவு மிஞ்சும்: செயற்கைத் தாடை மூட்டில் இருந்த சில சதப் பெறுமதியான டெஃப்லான் என்ற மூலப்பொருளுக்காக, அதை வழங்கிய அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. அதுவே 1998இல் அமெரிக்கா மருத்துவ மூலப்பொருள் வழங்குநர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியதற்கு ஒரு காரணமாயிற்று.

ஆகவே, உங்கள் ஆலையை விட்டு வெளியேறும்போதே தூளில் இருந்த குறைபாட்டுக்கு மட்டும், ஒரு குறித்த தொகை வரைக்கும் பொறுப்பேற்பதாகவும், வழக்குச் செலவு யாருடையது என்பதையும் எழுதிச் சம்மதியுங்கள். ஒவ்வொரு அரைப்பிலும் ஒரு பொதியை முத்திரையிட்டு, திகதியும் வற்றல் வாங்கிய இடமும் எழுதி எடுத்து வையுங்கள். காப்புறுதி எடுப்பதானால், வெளிநாட்டு நீதிமன்றத்தில் வரும் கோரிக்கையும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். உள்நாட்டுப் பத்திரங்கள் பலவற்றில் அது அடங்குவதில்லை.