பெட்ரோல் நிலையத்தில் நிலத்தடி நீரை ஏன் சோதிக்கிறார்கள்?

சிங்கப்பூரில் யாரும் கிணற்று நீர் குடிப்பதில்லை, பிறகு எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் தீவின் மூன்றில் இரண்டு பங்கு, மழைநீரைக் குடிநீருக்காகச் சேகரிக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி. நிலத்தடித் தொட்டி கசிந்தால், பெட்ரோல் மண்ணுக்குள் நகர்ந்து கால்வாய்க்கு வரலாம். அதன் ஆவி பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்துக்குள்ளும் ஏறும். எனக்கு அதிகக் கவலை தருவது அந்த ஆவிதான்.

தரையில் தெரியும் சிறு வட்ட மூடிகளில் சில கண்காணிப்புக் கிணறுகள்: பக்கவாட்டில் மெல்லிய கீறல்கள் போட்ட பிளாஸ்டிக் குழாய்கள். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று வேண்டும். உணர்கருவி கட்டிய அளவுநாடாவை உள்ளே இறக்குவார்கள். எண்ணெயைத் தொட்டால் ஒரு ஒலி, நீரைத் தொட்டால் வேறு ஒலி. இரண்டுக்கும் இடையிலான தூரமே மிதக்கும் பெட்ரோலின் தடிமன்.

படலம் இல்லையென்றால் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோலில் உள்ள, புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் நீரில் கரையும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. அதனால் ஆய்வகச் சோதனைக்காகக் கிணற்று நீரை 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, மூடி, தலைகீழாகத் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு காற்றுக்குமிழி தெரிந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும். பென்சீன் அந்தக் காற்றுக்குள் போய்விடும்.

அடித்தளத்திலோ கால்வாயிலோ பெட்ரோல் வாடை பலமாக அடித்தால், விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே வந்து, தீயணைப்பு அவசர எண் 995-ஐ அழையுங்கள்.