ஒரு பாட்டியின் வாந்தி, மூன்றாம் நாள் 11 பேர்: முதியோர் இல்லத்தில் என்ன செய்வது?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 26 பேர் தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பாட்டி கூடத்திலேயே வாந்தி எடுத்தார். மூன்றாம் நாள் 11 பேர் படுத்துவிட்டார்கள், அதில் வேலைக்காரப் பெண்கள் மூன்று பேர். வாசலுக்கு வாசல் சானிடைசர் இருக்கிறது, தினமும் ஃபினாயில் போட்டுத் துடைக்கிறோம். அப்புறம் எப்படிப் பரவியது? மறுபடி வந்தால் என்ன செய்ய?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது, வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் போலத்தான் தெரிகிறது. மலம் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் திடீர் வாந்தி, தண்ணீராகப் பேதி, ஒருவருக்கு வந்த 12 முதல் 48 மணி நேரத்துக்குள் அடுத்தவருக்கு, ஒன்றிலிருந்து மூன்று நாளில் அடங்குவது என்று எல்லாமே அதன் நடை. கேரளத்துக்கு இது புதிதும் இல்லை. 2021 நவம்பரில் வயநாட்டில் கால்நடைக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு வந்தது செய்திகளில் அடிபட்டது.

முதலில் சானிடைசர். கொரோனா வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு, சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் பட்டால் அது கரைந்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது, அதனால் சானிடைசரை நம்பி இருக்க முடியாது. ஃபினாயிலும் அப்படித்தான்: வாசனை போகும், இந்தக் கிருமி போகும் என்று சொல்ல முடியாது. கைக்கு சோப்பும் ஓடும் தண்ணீரும், 20 நொடி தேய்த்து. தரைக்கு பிளீச்சிங் பவுடர். இவை இரண்டும்தான் வேலை செய்யும்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒரே காட்சியைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கெட் தண்ணீரை வாந்தியின் மேல் வீசி ஊற்றுவார்கள், விளக்குமாறால் சாக்கடைப் பக்கம் தள்ளுவார்கள், தரை சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை முழு வேகத்தில் வைப்பார்கள். அதே மாப், அதே தண்ணீரோடு பக்கத்து அறைக்குப் போகும். நான் ஆலோசனைக்குப் போன ஓர் இல்லத்தில் ஒரே பக்கெட் ஆறு அறைகளைச் சுற்றி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். சுத்தம் செய்த அந்தப் பெண் மேல் குற்றமே இல்லை, அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நூற்றுக்கும் குறைவான வைரஸ் துகள்களே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும். வாந்தி தெறிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றிலும் மிதக்கும். தண்ணீர் வீசியும் ஃபேன் போட்டும் நாமே அதை வீடு முழுக்கப் பரப்பிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது இது. ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், மற்றவர்களை எழுப்பி வேறு பக்கம் உட்கார வையுங்கள். கையுறை, மாஸ்க், முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன். பழைய செய்தித்தாளை வாந்தியின் மேல் போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக வழித்தெடுத்துப் பையில் போட்டுக் கட்டுங்கள். அப்புறம்தான் பிளீச்சிங். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம் பவுடர். கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை எடுத்து, கறை இருந்த இடத்தைத் தாண்டியும் தாராளமாக ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். அழுக்கை எடுக்காமல் மேலேயே ஊற்றினால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். இந்தக் கரைசலோடு கழிவறை ஆசிடைக் கலக்கவே கூடாது, எழும் புகை நெஞ்சை அடைக்கும். கரைசலை அன்றன்றைக்குக் கரையுங்கள். கட்டிதட்டி வாசனையற்றுப்போன பவுடரில் பலன் இருக்காது. மேசையில் திறந்திருந்த சாப்பாட்டை, மனசு வராவிட்டாலும், கொட்டிவிடுங்கள்.

கதவுத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, கட்டில் கம்பி, வாக்கர், டிவி ரிமோட் இவற்றை லிட்டருக்கு 3 கிராம் போட்ட கரைசலால் நாளுக்கு இரண்டு மூன்று தடவை துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள். கறைபட்ட துணிகளை உதறாமல் சுருட்டி எடுத்து, தனியாக, சூடான தண்ணீரில் துவைக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். உங்கள் சித்தூர்ப் பக்கம் கோடையில் லாரித் தண்ணீர்தானே. பதிமுகம் என்ற மரத்துண்டைப் போட்டுக் கொதிக்கவைக்கும் நம் வழக்கம் அருமையானது. ஆனால் சூடு ஆறட்டும் என்று பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றுகிறோமே, அங்கேயே கொதிக்கவைத்ததன் பலன் போய்விடுகிறது. டம்ளரைப் பானைக்குள் விட்டு மொள்ளும் பழக்கத்தையும் விடுங்கள், குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள்.

இரண்டாவது ஆள் வாந்தி எடுத்தவுடனே நோய் பரவுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். இரவானால் கேரள அரசின் சுகாதார உதவி எண்ணான 'திஷா' 1056 இருக்கிறது. உடம்பு சரியில்லாதவர்களை ஒரு பக்கமாக வைத்து, அவர்களுக்கென்று ஒரு கழிவறையையும் ஒரே ஆளையும் ஒதுக்குங்கள். கடைசி ஆளுக்கு வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள்.

பெரியவர்களுக்கு ஆபத்து வைரஸை விட நீர்வற்றுதலில்தான். ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைத்து, ஓரிரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுங்கள். மடக் மடக்கென்று குடிக்கவைத்தால் திரும்ப வந்துவிடும். உப்புக் கஞ்சியும் நல்லது. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு தரலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் பற்றியும் அன்றைக்கே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ கடையில் வாங்கித் தராதீர்கள். ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பேச்சு குழறுகிறது, எழுப்பினால் எழவில்லை, மலத்தில் ரத்தம், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிப் போகிறது என்றால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோன அந்த மூன்று பெண்கள். வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் அவர்கள் வேலைக்கு வரக் கூடாது, சமையல்கட்டுக்குக் கண்டிப்பாகக் கூடாது. நின்ற பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் வைரஸ் இருக்கலாம் என்பதால், திரும்பி வந்த பின்னும் கை கழுவுவதில் கண்ணாக இருக்க வேண்டும். தினக்கூலி வாங்கும் பெண் ஒரு நாள் சம்பளம் போகும் என்றால் வயிற்றுவலியை மறைத்துக்கொண்டு தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி பஸ் ஏறி வந்துதான் தீருவாள். அந்த விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்று நிர்வாகத்திடம் இப்போதே எழுதி வாங்குங்கள். மூன்று பெண்களுக்கு மூன்று நாள் கூலி எவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஒரு பாட்டியை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஆகும் செலவையும் பக்கத்திலேயே எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.