வாசகர் கேள்வி – பதில்: தீயணைப்பு வண்டி கிளம்பியது முதல் திரும்பும் வரை

தீயணைப்பு நிலையத்தின் பணிகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எதிர் வீட்டில் தீப்பிடித்ததும் தீயணைப்புத் துறையை அழைத்தேன். முகவரியைச் சொன்ன பிறகும் எந்தத் தளம், என்ன எரிகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில் வண்டியை அனுப்பியிருக்கலாமே, ஐயா?

பதில்: உங்கள் பதற்றம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பதில்களுக்காகப் பொதுவாக வண்டி காத்து நிற்பதில்லை. இடமும் விபத்தின் தன்மையும் தெரிந்தவுடனேயே அருகிலுள்ள நிலையத்துக்குத் தகவல் போய்விடுகிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே வீரர்கள் பாதுகாப்பு உடை அணிந்து வண்டியில் ஏறிக்கொண்டிருப்பார்கள். அழைப்பு வந்த ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்பதே முழுநேர வீரர்கள் உள்ள பல நிலையங்களின் இலக்கு. தன்னார்வ வீரர்களைக் கொண்டு இயங்கும் சிறு நிலையங்களில், அவரவர் இருக்கும் இடத்திலிருந்து வந்து சேர வேண்டியிருப்பதால், இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

நீங்கள் சொல்லும் பதில்கள் வழியில் உள்ள வண்டிக்கு வயர்லெஸ் மூலம் போய்ச் சேருகின்றன. மேல்தளம் என்றால் உயர ஏணி வண்டியும் தேவைப்படும். உள்ளே ஆள் சிக்கியிருக்கிறார் என்றால் வீரர்கள் போகும் வழியிலேயே மூச்சுக் கருவியை மாட்டிக்கொள்ளத் தொடங்குவார்கள். எரிவது பெட்ரோல் என்றால் வெறும் தண்ணீர் போதாது, நுரை வேண்டும். எனவே அவர்களாக வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். முடிந்தால் தெருமுனையில் ஒருவரை நிறுத்தி வண்டிக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். வீட்டைத் தேடி அலையும் நேரம் இதனால் மிச்சமாகும்.

கேள்வி: வண்டியிலிருந்து இறங்கியவர்கள் உடனே உள்ளே ஓடவில்லை. அதிகாரி வீட்டைச் சுற்றி வந்தார். பிறகு ஒருவர் கதவைத் தொட்டுப் பார்த்தார், இன்னொருவர் ஜன்னலை உடைத்தார். ஒருவர் பலகையுடன் வாசலிலேயே நின்றார். இந்தத் தாமதம் சரிதானா?

பதில்: வெளியில் நின்று பார்ப்பவர்களுக்கு மிகுந்த வேதனை தரும் நிமிடங்கள் இவை, ஆனால் பல உயிர்களைக் காப்பாற்றும் நிமிடங்களும் இவைதான். அதிகாரி சுற்றி வருவது, தீ எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பரவுகிறது, ஆட்கள் எந்த வழியாக வெளியேற முடியும் என்பதைப் புகையின் நிறத்தையும் அடர்த்தியையும் அது வெளியேறும் வேகத்தையும் கொண்டு கணிப்பதற்காக.

மூடிய அறையில் தீ நீண்ட நேரம் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து சுடர் அடங்கியதுபோலத் தோன்றும். ஆனால் எரியக்கூடிய வாயுக்கள் கடும் சூட்டுடன் உள்ளே தேங்கியிருக்கும். அப்போது கதவைத் திடீரென்று திறந்தால் உள்ளே பாயும் காற்றோடு கலந்து அவை வெடித்துச் சிதறக்கூடும். ஆகவேதான் கதவின் சூட்டை முதலில் சோதித்து, தண்ணீர்க் குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்ட பிறகே திறக்கிறார்கள். ஜன்னலை உடைப்பது சூடான புகை வெளியேறுவதற்காக. தண்ணீர் பாயத் தொடங்கும் நேரத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். முன்னதாக உடைத்தால் தீக்குக் காற்றைக் கொடுத்ததாகிவிடும்.

பலகையுடன் நிற்பவர் சும்மா நிற்கவில்லை. வீரர்கள் முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், பெரும்பாலும் 300 பார் வரையிலான அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. ஏட்டளவில் அது அரை மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ தாங்கும். ஆனால் படியேறி, குழாயை இழுத்து, ஒருவரைத் தூக்கிச் சுமக்கும் வீரருக்கு மூச்சு வாங்க வாங்க அந்த நேரம் மளமளவென்று குறைந்துவிடும். உள்ளே போகும் ஒவ்வொருவரின் பெயர்ச்சீட்டும் நுழைந்த நேரமும் காற்றின் அளவும் அந்தப் பலகையில் இருக்கின்றன. காற்று தீர்வதற்கு முன்பே அவர்களை வெளியே அழைப்பது அவருடைய பொறுப்பு. அவரிடம் விவரம் கேட்டு நச்சரிக்காதீர்கள்.

கேள்வி: வண்டியில் இருந்த தண்ணீர் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிட்டது. நிரப்பாமல் வந்துவிட்டார்களா?

பதில்: இல்லை. ஒரு வண்டியின் தொட்டி சில ஆயிரம் லிட்டர்தான் கொள்ளும். ஒரே ஒரு குழாய் நிமிடத்துக்கு 400 லிட்டர் பீய்ச்சினால்கூட 2,000 லிட்டர் ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் தாக்குதலுக்கு மட்டுமே அந்தத் தண்ணீர். அதற்குள் தெருவிலுள்ள தீயணைப்பு நீர்க்குழாயிலோ நீர்நிலையிலோ இணைப்புக் கொடுத்தாக வேண்டும், அல்லது அடுத்த வண்டி வந்தாக வேண்டும். அந்த நீர்க்குழாயின் முன்னால் காரை நிறுத்தி வைப்பதும் குறுகிய தெருவின் இருபுறமும் வண்டிகளை அடைத்து நிறுத்துவதும் எவ்வளவு பெரிய தீங்கு என்பதை நாம் ஏனோ உணர்வதே இல்லை.

கேள்வி: தீ விபத்துக்கு மட்டும்தான் அவர்களை அழைக்க வேண்டுமா?

பதில்: இல்லை. சாலை விபத்தில் நசுங்கிய வாகனம், எரிவாயுக் கசிவு, வெள்ளம், இடிந்த கட்டடம், லிப்டில் சிக்கியவர் எனப் பலவற்றுக்கும் அழைக்கலாம். பல ஊர்களில் மருத்துவ முதலுதவிக்கும் அவர்களே முதலில் வந்து சேர்கிறார்கள்.

இவற்றில் ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கழிவுநீர்த் தொட்டியிலோ கிணற்றிலோ ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்கப் பதறி இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் இறந்துபோவது திரும்பத் திரும்ப நடக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில மூச்சுகளில் சாய்ந்துவிடுவார். முகத்தில் துணி கட்டிக்கொள்வதால் பயனில்லை. வாயுவை அளக்கும் கருவியும் மூச்சுக் கருவியும் கயிறும் உள்ளவர்கள் மட்டுமே இறங்கலாம். உங்கள் சொந்தத் தம்பியே உள்ளே கிடந்தாலும், இறங்காமல் அழைப்பதுதான் அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி.

கேள்வி: எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால், வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. தண்ணீர் எண்ணெயின் அடியில் இறங்கி, அங்கே நொடியில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை அறை முழுவதும் வாரி இறைத்துவிடும். அடுப்பை அணைத்து, பொருத்தமான உலோக மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட்டுவிடுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தீ மூடிக்கு அடங்கவில்லை என்றால் எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு அழையுங்கள். சாத்திய கதவு புகையையும் தீயையும் கணிசமான நேரம் தடுத்து நிறுத்தும்.

கேள்வி: தீ அணைந்த பிறகும் எங்கள் கூரைப் பலகையைப் பிரித்துப் போட்டார்கள். இது தேவைதானா?

பதில்: தேவைதான். சுவருக்குள்ளும் கூரை இடுக்கிலும் கனன்றுகொண்டிருக்கும் தணல் பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும். வெப்பத்தைக் காட்டும் கேமராவால் பார்த்து, சந்தேகம் உள்ள இடத்தைப் பிரித்து நனைத்துவிட்டுத்தான் அவர்கள் கிளம்புவார்கள். அதன் பிறகும் அதிகாரி அனுமதிக்கும்வரை உள்ளே போகாதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறைகளில் தங்கியிருக்கலாம். மின் இணைப்பையும் எரிவாயு இணைப்பையும் தகுதியுள்ளவர் சோதித்துப் பார்த்த பின்னரே மீண்டும் திறக்க வேண்டும்.